பதினேழாம் கேள்வி

அண்ணிக்கு நேர்முகத் தேர்வு என்றதும் வீட்டில் முதலில் பாழாய்ப் போனது என் நிம்மதிதான். மூன்று வாரம்! பல் விளக்கும்போது ஒரு கேள்வி, குக்கர் விசில் அடிப்பதற்குள் ஒரு கேள்வி, நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பில் கால் நுழைக்கும்போது ஒரு கேள்வி. "ஏய் பட்டாசு, ஒரே ஒண்ணு கேட்டுட்டுப் போயேன்" என்பாள். அந்த ஒன்று ஒருநாளும் ஒன்றோடு நின்றதில்லை.

பட்டாசு நான்தான். அம்மா வைத்த பட்டப்பெயர். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை நான் மறைத்ததும் கிடையாது. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பது என் வேலை. பல்வலிக்காரர்களோடு நாளெல்லாம் மல்லுக்கட்டிவிட்டு வீடு திரும்பினால், நாற்பது கேள்விகள் அச்சடித்த தாளோடு வாசலிலேயே அண்ணி நிற்பாள்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. நாற்பத்தொரு வயது. ஒன்பது வருடம் ஒரு கம்பெனியில் இணையதளங்களுக்கு புரோகிராம் எழுதியவள். அவளால் உட்கார்ந்துகொண்டு யோசிக்க முடியாது. பால்கனியிலிருந்து சமையலறை வரை நடப்பாள், திரும்புவாள், நடப்பாள். திடீரென்று லேப்டாப் முன் ஒரு காலை மடித்து உட்கார்ந்து, "எங்கடா ஒளிஞ்சிருக்கே, வெளிய வா" என்று திரையிடம் பேசுவாள். பிழை கிடைத்துவிட்டால் தொடையில் ஒரு தட்டு. அந்தச் சத்தம் கேட்டால் அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் நல்ல டீ கிடைக்கும் என்று அர்த்தம்.

எட்டு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. யாராவது வீட்டில் இருந்தாக வேண்டும். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அவரவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணனுக்கு அப்போதுதான் பதவி உயர்வு வந்திருந்தது. எனக்கு அப்போதுதான் வேலை நிரந்தரமாகியிருந்தது. "ஆறு மாசம்தானே, நான் பார்த்துக்கறேன்" என்றாள் அண்ணி. பெற்ற பெண் நான், வேலையை விட்டது அவள். ஆறு மாதம் ஆறு வருடமாகி, அம்மா போய் இப்போது இரண்டு வருடம் ஆகிறது.

இந்த இரண்டு வருடத்தில் பதினோரு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டாள். பதினோரு பேரும் ஒரே இடத்தில் மூக்கைச் சுளித்தார்கள்: நடுவில் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள்? அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, தன் நண்பனின் மேசை நாற்காலிக் கடையில் பில் போடும் வேலை பேசி வைத்தான். ஒன்றாம் தேதி சேர வேண்டும்.

"இந்தப் பன்னெண்டாவதை மட்டும் பார்த்துடறேன்" என்றாள் அண்ணி. "கிடைக்கலைன்னா கடைக்குப் போயிடறேன். அப்புறம் லேப்டாப்பைத் தொட மாட்டேன். சும்மா ஆசையை வளர்த்துக்கிட்டு ஏன் அலையணும்?" அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சொன்னால் செய்கிறவள்.

ஒத்திகைக்கு எங்களுக்குள் ஒரு முறை உண்டாகிவிட்டது. நான் கேள்வியைப் படிப்பேன். அவள் நடந்துகொண்டே பதில் சொல்வாள். எங்காவது நின்றுவிட்டால் மனசுக்குள் மூன்று எண்ணுவேன், பிறகு பதிலின் முதல் சொல்லை எடுத்து வீசுவேன். அதைப் பிடித்துக்கொண்டு அவள் கடகடவென்று போய்விடுவாள். இரண்டாவது வாரத்தில் நாற்பது கேள்விக்கும் முதல் சொல் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அர்த்தம் ஒரு மண்ணும் தெரியாது. ஆஸ்பத்திரியில் ஒரு பெரியவர் "அடுத்து என்னம்மா செய்யணும்?" என்று கேட்க, "குக்கீயை அழிக்கணும்" என்று சொல்லித் தொலைத்தேன்.

"பேசாம நீயே போய் உட்கார்ந்துடு. உனக்கு வேலை நிச்சயம்" என்று அண்ணன் கிண்டலடித்தான்.

முப்பத்தொன்பது கேள்விகளில் சிக்கல் இல்லை. பதினேழாம் கேள்வியில் மட்டும் வண்டி நின்றுவிடும். கேள்வி இதுதான்: ஒரே தகவலை இரண்டு பேர் இரண்டு போன்களிலிருந்து மாற்றுகிறார்கள், முதல் ஆள் செய்தது தெரியாமலே இரண்டாம் ஆளும் செய்துவிடுகிறார், இதை எப்படித் தடுப்பீர்கள்? நான் படித்து முடித்ததும் அண்ணியின் நடை நின்றுவிடும். ஜன்னலைப் பார்ப்பாள். தாளின் ஓரத்தைக் கிள்ளுவாள்.

"வெர்ஷன் நம்பர், அண்ணி! எத்தனை தடவை!"

"ஆங், சரி சரி. வெர்ஷன் நம்பர்..." என்று ஆரம்பித்து, உப்புச்சப்பில்லாமல் ஒப்பித்து முடிப்பாள்.

ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. தாளைத் தூக்கி எறிந்தேன். "சின்னப் பிள்ளைக்குச் சொன்னாக்கூட இந்நேரம் மண்டையில ஏறியிருக்கும். மத்ததெல்லாம் மழையா கொட்டறீங்க, இதுக்கு மட்டும் என்ன கேடு?"

அண்ணி குனிந்து தாளை எடுத்து நீவினாள். "நீ கேக்கும்போதுதான் வரமாட்டேங்குது" என்றாள்.

நன்றாக இருக்கிறதே! ராத்திரி பகல் பார்க்காமல் கேள்வி கேட்டுத் தொண்டை வற்றுவது நான், குற்றமும் என்மேலா? அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

இன்னொரு கேள்வியிலும் எங்களுக்குத் தகராறு. சொந்தமாக எதையாவது உருவாக்கியிருக்கிறீர்களா என்ற கேள்வி. "அம்மாவோட மாத்திரைப் பக்கத்தைச் சொல்லுங்களேன்" என்றேன். அது அம்மாவுக்காக அண்ணி எழுதிய வெப் பக்கம். அம்மாவின் ஏழு மாத்திரைகளும் வரிசையாக இருக்கும். யார் கொடுத்தாலும் போனில் அதைத் தொட வேண்டும். தொட்டதும் பச்சை டிக்கும், அண்ணன், அண்ணி, பட்டாசு என்று கொடுத்தவர் பெயரும், நேரமும் மூன்று பேர் போனிலும் தெரியும். அம்மாவால் "சாப்பிட்டாச்சு" என்று சொல்ல முடியாதல்லவா, அதனால்தான் இந்த ஏற்பாடு.

"அதெல்லாம் வேலையில சேர்த்தி இல்ல. விடு" என்றாள் அண்ணி, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

நானும் விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தை நினைத்தால் எனக்கும் பழைய எரிச்சல் ஒன்று கிளம்பும். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் அம்மா மயங்கி விழுந்துவிட்டாள், போன் வந்து நான் வேலையிலிருந்து ஓடினேன். ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு தடவை கொடுத்துவிட்டீர்களா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "நான் வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி ஒண்ணு குடுத்தேன். டிக்கும் பண்ணினேன்" என்றேன். அண்ணி தன் போனை எடுத்துப் பார்த்தாள். பிறகு, "நான்தான் டாக்டர். காலையில வெளிய போயிருந்தேன். திரும்பி வந்ததும் பார்க்காம இன்னொண்ணு குடுத்துட்டேன்" என்றாள்.

நான் சும்மா இருப்பேனா? வராந்தாவில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். "நீங்க எழுதின பக்கத்தை நீங்களே பார்க்கலைன்னா அப்புறம் அது எதுக்கு? எங்கம்மாவை உங்களை நம்பித்தானே விட்டுட்டுப் போறோம்!" எங்கம்மா என்றேன். அவள் தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் அண்ணனிடம் மாற்றுத்துணியோடு லேப்டாப்பையும் கொண்டுவரச் சொன்னாள். உள்ளே அம்மா சலைன் ஏறிக்கொண்டு கிடக்கிறாள், இவள் வெளியே பெஞ்சில் லேப்டாப்பை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறாள்! என்ன ஜென்மம் இது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் பார்த்தால் பக்கத்தில் பெயரும் இல்லை, நேரமும் இல்லை, வெறும் பச்சை டிக் மட்டும். யார் கொடுத்தது என்றே தெரியவில்லையே, இது என்ன லட்சணம் என்று அதற்கும் ஒரு பாட்டுப் பாடினேன்.

அம்மா இரண்டு நாளில் தேறி வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆனால் வீட்டில் ஒரு கேலி நிலைத்துவிட்டது. அண்ணி கதவைப் பூட்டினோமா என்று திரும்பிப் போய்ப் பார்த்தாலும் சரி, கறியில் உப்பு கூடிப்போனாலும் சரி, அண்ணன் "ரெண்டாவது மாத்திரையா?" என்பான். அண்ணியும் சேர்ந்து சிரிப்பாள்.

தேர்வு நாள் வந்தது. காலை பதினோரு மணிக்கு, லேப்டாப் வழியாகத்தான். அண்ணன் வேலைக்குப் போய்விட்டான். நான் விடுப்புப் போட்டேன். அம்மா படுத்திருந்த கடைசி அறையில்தான் இப்போது அண்ணியின் மேசை இருக்கிறது. அந்த அறையில் சிக்னல் ஒழுங்காக வராது என்று கூடத்திலிருந்து சுவரோரமாக ஒரு கேபிள் இழுத்திருக்கிறோம். அண்ணி பத்து மணிக்கே தயார். உட்கார்ந்தாள், எழுந்தாள், தண்ணீர் குடித்தாள், மறுபடி எழுந்தாள். சட்டைக் கையை ஏற்றினாள், இறக்கினாள்.

"நீ சமையலறையிலேயே இரு. மூச்சுச் சத்தம்கூட வரக்கூடாது" என்றாள்.

"சரி சரி" என்றேன். சமையலறையில் யாரால் உட்கார முடியும்? மரம் உப்பிப்போய் அந்த அறைக் கதவு முழுக்கச் சாத்தாது. வெளியே முக்காலியைப் போட்டு, கையில் தாளோடு உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு பெண் குரல், ஒரு ஆண் குரல். ஆரம்பத்தில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. அண்ணி தங்குதடையில்லாமல் பேசினாள். ஒவ்வொரு பதிலுக்கும் நான் வெளியே தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்புறம் அந்தப் பெண் கேட்டார், "ஒரே தகவலை ரெண்டு பேர் ரெண்டு போன்லேர்ந்து மாத்தறாங்கன்னு வச்சுக்குவோம்..."

பதினேழு! உள்ளே சத்தமே இல்லை. ஒன்று. இரண்டு. மூன்று.

"வெர்ஷன் நம்பர், அண்ணி!" என்றேன்.

சத்தியமாக நான் யோசித்துச் சொல்லவில்லை. மூன்று வாரப் பழக்கம் வாயைத் திறந்துவிட்டது. சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"பக்கத்துல யார் இருக்காங்க?" என்றார் அந்தப் பெண். குரலே மாறிவிட்டது. "கேமராவைத் திருப்பிக் காட்டறீங்களா?"

கையும் களவுமாகப் பிடிபட்டேன். தாளை மறைக்கக்கூடத் தோன்றவில்லை, அதோடு உள்ளே போய் நின்றேன். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண், பக்கத்துக் கட்டத்தில் தாடி வைத்த ஒருவர். அண்ணியின் முகத்தில் ரத்தம் வற்றியிருந்தது. என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. முடிந்துபோனதைப் பார்ப்பதுபோல் லேப்டாப் மூடியில் கை வைத்திருந்தாள்.

"இதோட முடிச்சுக்கலாம்" என்றார் கண்ணாடிக்காரப் பெண்.

"மேடம், ஒரு நிமிஷம்! தப்பு என்னுது. நான் இவங்களோட நாத்தனார். பல் ஆஸ்பத்திரியில இருக்கேன், எனக்கு இதுல அரிச்சுவடிகூடத் தெரியாது. மூணு வாரமா நான் கேள்வி கேப்பேன், இவங்க நின்னா முதல் வார்த்தையை எடுத்துக் குடுப்பேன். அந்தப் பழக்கத்துல உளறிட்டேன். என்னைத் திட்டுங்க, இவங்களை விட்டுடாதீங்க." தாளைக் கேமராவுக்கு நேரே நீட்டினேன்.

தாடிக்காரர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. நான் நீட்டிய தாளை வரி வரியாகப் பார்த்தார். "சரி. அதே கேள்விதான். தாள்ல இல்லாத பதில் ஏதாவது உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க. நீங்களே மாட்டிக்கிட்டு சரி பண்ணின விஷயம் இருக்கா?"

அண்ணி என்னைப் பார்த்தாள். "நீ வெளிய போ" என்றாள் மெதுவாக.

"வேண்டாம்" என்றார் அந்தப் பெண். "அவங்க கேமராவுல தெரியற மாதிரியே நிக்கட்டும்."

எழுந்து நடக்க முடியாமல் அண்ணியின் கால் மேசைக்கடியில் ஆடியது. போச்சு, பன்னிரண்டாவதும் போச்சு என்று நினைத்தேன். வெர்ஷன் நம்பர் என்று ஆரம்பிங்களேன் அண்ணி என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவள் வேறெங்கிருந்தோ ஆரம்பித்தாள்.

"என் மாமியாருக்கு மாத்திரை குடுக்கறதுக்காக ஒரு பக்கம் எழுதினேன் மேடம். வீட்டுல மூணு போன். ஒருநாள் காலையில ஏழு அம்பதுக்கு ஒருத்தர் மாத்திரை குடுத்துட்டுத் தொட்டாங்க. அந்த ரூம்ல சிக்னல் கிடையாது. ஆனா என் பக்கம் பச்சை டிக் காட்டிடுச்சு. சர்வர்ல பதிவாகறதுக்கு முன்னாடியே பதிவாயிடுச்சுன்னு சொல்லிடுச்சு. அவங்க போனை மூடிட்டு வெளிய போயிட்டாங்க. டிக் அந்த போனுக்குள்ளேயே தங்கிடுச்சு."

"அப்புறம்?"

"எட்டு இருபதுக்கு இன்னொருத்தர் தன்னோட போன்ல பார்த்தாங்க. அதுல டிக் இல்ல. அதனால இன்னொரு மாத்திரை குடுத்துட்டாங்க. என் மாமியாரால சொல்லவும் முடியாது."

எட்டு இருபது. எட்டரைக்கு நான் பஸ் ஏற வேண்டும். அண்ணன் ஏழு மணிக்கே போய்விடுகிறவன். வீட்டில் மூன்றாவது போன் என்னுடையது. அண்ணி வெளியிலிருந்து வந்து கொடுக்கவே இல்லை. அவள் போவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட்டாள். இரண்டாவது மாத்திரை என் கையால் போனது.

அண்ணி என் பக்கம் திரும்பவில்லை. வேகமாகப் பேசினாள். அதன் பிறகு சர்வர் பதில் சொல்லும்வரை 'காத்திரு' என்று மட்டுமே பக்கம் காட்டும்படி மாற்றியது, தொட்டதும் அந்த நிமிடத்து நிலவரத்தை மறுபடி கேட்டுவிட்டே அனுமதிக்கும்படி செய்தது, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வரிசை எண் போட்டு, பழைய எண்ணோடு வருவதைத் திருப்பி அனுப்பும் வெர்ஷன் நம்பர் அங்கே எப்படி உதவியது, எல்லாம் சொன்னாள். கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமான அதே பதில்தான். முதல்முறையாக எனக்கு அது புரிந்தது.

"வேற என்ன மாத்தினீங்க?" என்றார் தாடிக்காரர்.

அண்ணி மென்று விழுங்கினாள். "திரையிலேர்ந்து பேரையும் நேரத்தையும் எடுத்துட்டேன்."

"அது தப்பாச்சே?" என்றார் கண்ணாடிக்காரப் பெண். "யார், எப்போன்னு தெரியணுமே."

"சர்வர்ல எல்லாம் இருக்கு மேடம். திரையிலதான் இல்ல. ரெண்டாவது ஆள் என் பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் குடுத்தாங்க. பொய் சொன்னது என் புரோகிராம். அதுக்காக அவங்க ஆயுசு பூரா ஏன் அழணும்?"

அந்தப் பெண் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரையில் அவர் பார்வை என் பக்கம் வந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், கேமரா முன்னால், கையில் அந்தத் தாளோடு. "சரிம்மா. மத்த கேள்விக்குப் போகலாம். நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க" என்றார் என்னிடம்.

முடிந்து அவள் வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "ஏன் அண்ணி சொல்லலை? நான் என்னவெல்லாம் பேசினேன்! எங்கம்மான்னு பிரிச்சுப் பேசினேனே!"

"சொல்லி? நீ அப்போ ரெண்டு நாளா சாப்பிடவே இல்ல. என்னைத் திட்டினதாலதான் நிமிர்ந்து நின்னே. அதையும் பிடுங்கிக்கிட்டா என்ன ஆகியிருப்பே?" என்றாள் எரிச்சலோடு. "போ, டீ போடு. எனக்குத் தலை வெடிக்குது."

டீ கொடுத்துவிட்டுக் கேட்டேன், "பேரைத் திரும்பத் திரையில போடுங்க."

"பைத்தியமா உனக்கு?"

"போடுங்க அண்ணி."

மூன்று நாள் நச்சரித்தேன். அந்த மூன்று நாளும் கம்பெனியிலிருந்து பதில் வரவில்லை. ஒன்றாம் தேதிக்கு இரண்டே நாள் இருந்தது. இப்போது பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்தது நான். மேசையில் நாற்காலிக்கடைக்காரர் கொடுத்த பில் புத்தகம் மாதிரிக்காகக் கிடந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் நாக்கை அறுத்துக்கொள்ளலாம் போலிருந்தது. என் தொல்லை தாங்காமல் மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணி லேப்டாப்பைத் திறந்தாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. "இந்தா, பார்த்துத் தொலை" என்றாள். அம்மா விழுந்த தேதியை என் போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அவள் தொடையில் தட்டிய சத்தம் கேட்டது.

மின்னஞ்சல் வந்திருந்தது. வேலை கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை சேர வேண்டும். அண்ணி இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டு கத்தியதில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

அண்ணன் வேலையிலிருந்து வந்தான். விஷயத்தைக் கேட்டதும் முகமெல்லாம் பல். பையைக்கூட இறக்கவில்லை. "அட! ரெண்டாவது மாத்திரைக்காரிக்கே வேலை குடுத்துட்டாங்களா?" என்று சிரித்தான்.

அண்ணியும் வழக்கம்போல் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. என் போனை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"ஏய், சும்மா இரு" என்று அண்ணி கையை நீட்டித் தடுத்தாள். நான் அவள் கையை விலக்கினேன்.

"படி அண்ணா. அம்மா விழுந்த அன்னைக்குக் காலையில. சத்தமா படி."

அண்ணன் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு படித்தான். "ஏழு அம்பது, அண்ணி." அடுத்த வரிக்கு வந்தவன் நிறுத்திவிட்டான்.

மனசுக்குள் மூன்று எண்ணினேன். பிறகு நானே எடுத்துக் கொடுத்தேன்.

"எட்டு இருபது. பட்டாசு."